“புதுசு மாதிரி ஆக்கிட்டோம் சார்”

நீளமான பதிவு. திட்டுவதாக இருந்தாலும் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கருத்து எழுதுகிறவர்களை வகுப்பிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் ஒரு பழம்பொருளின் உயிரை எடுக்கப் பெரிய ஆயுதம் எதுவும் வேண்டாம். ஒரு உப்புத்தாள், ஒரு டப்பா வார்னிஷ், “புதுசு மாதிரி ஆக்கித் தரேன்” என்று சொல்ல ஒரு ஆள். இந்த மூன்றும் போதும். கோயில் தூணுக்கு மணல் வீச்சு, பித்தளை விளக்குக்கு ஆசிட், பரணில் கிடந்த ஓலைச்சுவடிக்கு ஆடிப் பதினெட்டில் ஆற்று வெள்ளம். இந்த வரிசையில் பேசப்படாத ஒன்று உண்டு. பழைய ரிவால்வரின் கைப்பிடி.

“என்ன வாத்தியார், ரிட்டயர் ஆனதும் துப்பாக்கி பக்கம் போயிட்டீங்க?” என்று கேட்பீர்கள். என் அப்பா ராணுவத்தில் ஆர்மரராக இருந்தவர். ஆயுதம் பழுது பார்க்கிற வேலை. நான் பிடித்தது சாக்பீஸ் என்றாலும், காதில் விழுந்து வளர்ந்தது அவர் பேச்சு. அதனால்தான் எங்கள் நகர் நலச்சங்க வாட்ஸாப் குழுவில் வந்த ஒரு படம் என்னைத் தூங்கவிடவில்லை.

படத்தில் இருந்தது 32 போர் வெப்ளி ரிவால்வர். எங்கள் பெருங்களத்தூரில் குடியிருக்கும் ஒரு தம்பிக்கு அவர் தாத்தா வழியாக வந்தது. தாத்தா மலைத் தோட்டத்தில் மேலாளர். லைசென்ஸ் முறைப்படி பேரன் பெயருக்கு மாறியிருக்கிறது. அதில் குறை இல்லை. ஆனால் கட்டம் கட்டமாகக் கோடு இழைத்து, மேலே கம்பெனிப் பெயர் பொறித்திருந்த கறுப்புப் பிடியைக் காணோம். அந்த இடத்தில் ஈட்டி மரத்தில் இழைத்து, கல்யாணமண்டப நாற்காலி மாதிரி பளபளக்கும் ஒரு ஜோடிக் கட்டை. கீழே “சூப்பர் ப்ரோ”, “மாஸ்”, கட்டைவிரல் வரிசை. நான் கேட்டது ஒன்றே ஒன்று: “பழைய பிடி எங்கேப்பா?” பதில்: “ஒரு ஓரத்துல விரிசல் விட்டிருந்தது சார். குப்பை வண்டியில போட்டாச்சு. இப்ப புதுசு மாதிரி ஆக்கிட்டோம் சார்.”

இந்தப் பதிவு அந்தத் தம்பி மீது அல்ல. தாத்தாவின் பொருளை நேசித்துத்தான் செய்திருக்கிறார். என் சண்டை அந்தக் கடைசி வாக்கியத்தோடு. புதுசு மாதிரி ஆக்குவது பழுது பார்ப்பது ஆகாது. தாத்தாவின் கையெழுத்து மங்கிவிட்டது என்று அதன்மேல் பேரன் பால்பாயின்ட் பேனாவால் எழுதுகிற வேலை அது.

முதலில் அந்தப் பிடி என்ன என்று தெரிந்துகொள்வோம்.

ஒரு ரிவால்வரில் மனிதத் தோல் அதிகம் பட்ட இடம் கைப்பிடி. இரும்பைத் துடைத்துவிடலாம். பிடியில் வியர்வை இறங்கியிருக்கும், தேய்மானம் பதிந்திருக்கும். வலக்கைக்காரர் எந்தப் பக்கம் தேய்த்தார், உறையில் எந்தப் பக்கம் உராய்ந்தது, யாராவது தன் பெயரெழுத்தைக் கீறினாரா, எல்லாம் அங்கே இருக்கும்.

அது என்ன பொருளால் ஆனது என்பதே ஒரு காலக்குறிப்பு. 1887-ல் பிரிட்டிஷ் படை ஏற்ற முதல் வெப்ளி தொடங்கி, முதல் உலகப்போரில் 1915-ல் வந்த ஆறாம் மார்க் வரை ராணுவ வெப்ளிகளுக்கு வல்கனைட் பிடி. பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்கியது. நம் பழைய மை பேனாக்களின் எபோனைட்டும் இதே இனம்தான். ராஜமுந்திரி ரத்னம் பேனா வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், கறுப்புப் பேனா வருடம் போகப் போகப் பாசிபிடித்த பழுப்பாக மாறும். வெயில் படப்பட வல்கனைட் அப்படித்தான் மாறும். மாறியிருந்தால் அதன் வயதுக்கு அது ஒரு சாட்சி. அதை “அழுக்கு” என்று தேய்க்கிறவர் சாட்சியின் வாயைப் பொத்துகிறார்.

1930களில் வந்த என்ஃபீல்டு ரிவால்வரின் தொடக்க மாதிரிக்கு வால்நட் மரப்பிடி. பின்னால் வந்த மாதிரிக்குப் பெருவிரல் பதிய பள்ளம் வைத்த பேக்கலைட் பிடி. பேக்கலைட் என்றால் நம் பழைய வீடுகளில் இருந்த உருண்டைக் கறுப்பு ஸ்விட்ச் ஞாபகம் வரட்டும். வல்கனைட்டை விரலால் நன்றாகத் தேய்த்து முகர்ந்தால் லேசாகக் கந்தக வாடை. பேக்கலைட் சூடுபட்டால் கார்பாலிக் மருந்து வாடை. செல்லுலாயிட் என்றால் கற்பூர வாடை. ஆனால் யாரும் நெருப்பு காட்டிச் சோதிக்காதீர்கள். செல்லுலாயிட் குப்பென்று பற்றும்.

வெள்ளைப் பிடி என்றால் தந்தமா எலும்பா என்று கேட்க வேண்டும். தந்தத்தின் வெட்டு முகத்தில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி வலை மாதிரி தெரியும். எலும்பில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளி, சிறு கீற்று. தந்தம் என்றால் வேறு பொறுப்பும் சேர்கிறது. 1986 திருத்தத்துக்குப் பிறகு இந்திய யானைத் தந்த வியாபாரத்துக்கு வழியே கிடையாது. வனத்துறையின் உரிமைச் சான்று இல்லாமல் அதை வைத்திருப்பதே வில்லங்கம்.

அடுத்து, அந்தப் பிடி அந்தத் துப்பாக்கிக்கே பிறந்ததா என்ற கேள்வி. இங்கேதான் ஏமாற்று அதிகம். “ஒரிஜினல்” என்ற சொல்லை இரண்டு அர்த்தத்தில் விற்கிறார்கள். ஒன்று, அதே மாதிரித் துப்பாக்கிக்கு அந்தக் காலத்தில் செய்த பிடி. இன்னொன்று, இதே துப்பாக்கியோடு தொழிற்சாலையை விட்டு வந்த பிடி. இரண்டுக்கும் உள்ள தூரம், ஒரே வகுப்பில் படித்த பையனுக்கும் பெற்ற பிள்ளைக்கும் உள்ள தூரம்.

பெற்ற பிள்ளையை எப்படி அறிவது? ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனியில் வலப்பக்கப் பிடியின் உட்புறத்தில் அந்தத் துப்பாக்கியின் எண்ணைப் பென்சிலால் எழுதும், அல்லது முத்திரை குத்தும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அந்த எண் சட்டத்தில் இருக்கும் எண்ணோடு ஒத்தால் பிறப்புச் சான்றிதழ் கிடைத்த மாதிரி. எண் இல்லாவிட்டாலும் வழி உண்டு. பிடியின் விளிம்பும் இரும்புச் சட்டமும் விரலுக்கு ஒரே மேடாக ஓடுகிறதா? ஓரிடத்தில் மரம் துருத்தி இன்னோரிடத்தில் உள்வாங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். மரம் வருடக்கணக்கில் சுருங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பிடியைக் கழற்றினால் இரும்பில் இருக்கும் பழைய துருவின் வடிவம், பிடியின் உட்புறக் கறையோடு கண்ணாடிப் பிம்பம் மாதிரி பொருந்துகிறதா? இரும்பு தேய்ந்து, பிடியின் கோடுகள் மட்டும் நேற்று இழைத்த மாதிரி கூர்மையாக இருந்தால் இரண்டும் ஒரே வாழ்க்கை வாழவில்லை. கடைசியாகத் திருகாணி. அன்றைய பிரிட்டிஷ் மரை இன்றைய மெட்ரிக் மரையோடு சேராது. சேராத ஆணியை முறுக்கி ஏற்றியிருந்தால் மரை அழிந்திருக்கும்.

ராணுவத் துப்பாக்கியில் அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுடைமை. அதோடு ஐ என்ற ஆங்கில எழுத்து சேர்ந்திருந்தால் இந்திய அரசுடைமை. ஒரு பர்மிங்ஹாம் துப்பாக்கி இங்கே வந்து, இங்கேயே பிடி உடைந்து, இங்குள்ள ராணுவப் பட்டறையில் வேறு பிடி போட்டுக்கொண்டிருந்தால்? அந்த “வேறு பிடி”யும் வரலாறுதான். அதைக் கழற்றி வீசிவிட்டு, இணையத்தில் விலைக்கு வாங்கிய வெளிநாட்டுப் பிடியை மாட்டி “ஒரிஜினலுக்குக் கொண்டுவந்துட்டேன்” என்கிறவரும், ஈட்டி மரம் மாட்டியவரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியவர்கள்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். குழுவிலேயே வந்தவைதான்.

முதல் வாதம்: “பிடி தேயுற பொருள் சார். சைக்கிள் பெடல் மாதிரி. மாத்தத்தானே வேணும்?”

தினமும் ஓட்டுகிற சைக்கிளுக்குச் சரி. பீரோவில் பூட்டி, வருடத்துக்கு ஒருமுறை துடைத்து வைக்கிற பொருளுக்கு என்ன தேய்மானம்? அப்படியே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மாற்றுங்கள். பழையதை ஏன் வீசினீர்கள்? இரண்டு துண்டு, உள்ளங்கையில் அடங்கும். கல்யாணப் பத்திரிகைகளை முப்பது வருடம் சேர்த்து வைக்கும் வீட்டில் இதற்கு இடம் இல்லையா?

இரண்டாம் வாதம்: “எங்க வீட்டுப் பொருள். எங்க இஷ்டம்.”

இது முழு உண்மை இல்லை. துப்பாக்கி உங்கள் வீட்டு உரல் அல்ல. 1959 ஆயுதச் சட்டப்படி அதை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பழுது பார்க்கிறவருக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. தெருமுனைத் தச்சரிடம் ரிவால்வரைக் கொடுத்து “பிடி போட்டு வை, சாயங்காலம் வர்றேன்” என்று சொன்னால், உங்களோடு அந்த ஏழைத் தச்சரையும் வழக்கில் இழுக்கிறீர்கள். உரிமையாளர் இறந்துவிட்டால் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு வாரிசு விண்ணப்பிக்க வேண்டும். நம் பகுதிக்கு 2022 ஜனவரியிலிருந்து தாம்பரம் ஆணையரகம் இருக்கிறது, அலைச்சல் குறைவு. துப்பாக்கியில் உள்ள எண்ணையோ முத்திரையையோ அழிப்பது அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவில் குற்றம். மெருகு போடுகிறவரின் சக்கரத்துக்கு எண் எது, துரு எது என்று தெரியாது. இதற்கு மேல், நூறு வயது தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள பொருளுக்கு 1972 தொல்பொருள் சட்டம் இருக்கிறது. 1915 வெப்ளி அந்த வயதைக் கடந்துவிட்டது.

மூன்றாம் வாதம்: “பிடியில என்ன சார் வரலாறு? சும்மா பெரிசு பண்றீங்க.”

இந்த வாதத்துக்குத்தான் நான் காத்திருந்தேன்.

1928 டிசம்பர் 17, லாகூர். சாண்டர்ஸ் என்ற போலீஸ் அதிகாரி சுடப்பட்டார். பகத் சிங்கின் கைத்துப்பாக்கி 32 போர் கோல்ட், எண் 168896. இது வழக்குப் பதிவில் இருந்தது. துப்பாக்கி எங்கே என்று நாட்டுக்குப் பல்லாண்டு தெரியாது. டிரிப்யூன் பத்திரிகையாளர் ஜுபிந்தர்ஜித் சிங் அதைத் தேடிப் போனார். பஞ்சாபின் ஃபில்லௌர் போலீஸ் பயிற்சி நிலையத்திலிருந்து 1969-ல் இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பள்ளிக்குச் சில ஆயுதங்கள் போயிருந்தது தெரிந்தது. அங்கே அது அருங்காட்சியகத்தில், எல்லாரும் பார்க்கும் இடத்திலேயே இருந்தது. யாரும் அறியவில்லை. ஏன்? துருப்பிடிக்கக்கூடாது என்று நல்லெண்ணத்தோடு மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். 2016-ல் பெயின்டைச் சுரண்டினார்கள். எண் தெரிந்தது. பிறகு அது பஞ்சாபின் ஹுசைனிவாலாவுக்குப் போனது.

யோசித்துப் பாருங்கள். பெயின்ட் அடித்ததால் பல பத்தாண்டு தொலைந்தது, ஆனால் பெயின்டைச் சுரண்ட முடிந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால்? அது பத்தோடு பதினொன்றாய் இன்றும் அங்கேயே தொங்கியிருக்கும். சேர்த்ததை எடுக்கலாம், எடுத்ததைச் சேர்க்க முடியாது. முழுப் பாடமும் இந்த ஒரு வரிதான்.

இன்னொரு செய்தி. 1914 ஆகஸ்டில் கல்கத்தா ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் துப்பாக்கிகள் புரட்சியாளர் கைக்குப் போயின. பிற்பாடு எந்த வழக்கில் எந்தத் துப்பாக்கி என்று அரசு தேடிப் போனதும் எண்ணை வைத்துத்தான். சுட்டவரைத் தேடிய அரசுக்கு அந்த எண்கள் தேவைப்பட்டன. அவரை நினைக்க விரும்பும் நமக்கும் அதே எண்கள்தான் தேவை.

நம் பக்கம் எப்படி? 1911 ஜூன் 17, மணியாச்சி. ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டார். வாஞ்சிநாதன் வைத்திருந்தது பிரவுனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி என்பது பதிவு. ஆனால் எந்தப் பள்ளி ஆண்டு விழாவிலும், எந்தச் சுவர் ஓவியத்திலும் அவர் கையில் சுழலும் குண்டறை வைத்த ரிவால்வர்தான். அந்தச் செயலைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் இருக்கட்டும், அது வேறு விவாதம். கருவியைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாமல் காரணத்தை மட்டும் சரியாகச் சொல்லிவிடுவோமா?

தஞ்சாவூரையும் சொல்கிறேன். கடைசி மராட்டிய மன்னர் 1855-ல் இறந்த பிறகு அரண்மனை ஆயுதச் சாலை ஆங்கிலேயர் கைக்குப் போனது. பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். தேர்ந்தெடுத்த கொஞ்சம் எழும்பூர் அருங்காட்சியகம் வந்து சேர்ந்தது. அன்று வெள்ளைக்காரன் எடைக்குப் போட்டான் என்று கொதிக்கிறோம். இன்று நாமே குப்பை வண்டியில் போடுகிறோம்.

நான்காம் வாதம்: “ஒரு ஆசிரியர் துப்பாக்கியைப் பாதுகாக்கச் சொல்லலாமா?”

சொல்லலாம். கூட்டு வண்டி தாம்பரத்தைத் தாண்டினால் பல்லாவரம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். பழைய கற்காலக் கைக்கோடரி. இந்தத் துணைக்கண்டத்து மனித வரலாறே அதனால் பின்னோக்கி நீண்டது. அதுவும் வெட்டுகிற, குத்துகிற கருவிதானே? அதன் மதிப்பு, சுற்றிலும் மனிதன் கொத்திய சில்லுத் தழும்புகளில் இருக்கிறது. “அழகா இல்லையே” என்று யாராவது சாணை பிடித்திருந்தால் அது வெறும் கூழாங்கல். கல்லுக்கு ஒரு நியாயம், இரும்புக்கு ஒரு நியாயம் கிடையாது. பழைய துப்பாக்கியை வரலாறாகப் பார்க்கப் பழகுகிறவன் அதைச் சினிமா வீரமாகப் பார்ப்பதை விடுவான். மினுமினுக்கும் ஈட்டி மரப்பிடிதான் “மாஸ்” காட்டச் சொல்கிறது. விரிசல் விட்ட கறுப்புப் பிடி, “இதை ஒருவர் பயத்தோடு பிடித்திருந்தார்” என்று சொல்கிறது.

யூடியூபில் “துருப்பிடித்த ரிவால்வர் மறுபிறவி” என்று ஓடுகிற வீடியோக்களுக்கும் இதுவே பதில். ஐந்து நிமிடத்தில் இரும்பு முகம் பார்க்கிற கண்ணாடி ஆகிறது. அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு முத்திரை, ஒரு எழுத்து, பர்மிங்ஹாம் தொழிலாளியின் அரத்தடம், எல்லாம் தூசியாகப் பறக்கிறது. பார்க்க இனிமைதான். கரும்பலகையை அழிப்பதும் இனிமையான வேலை. பாடத்தை எழுதிக்கொண்ட பிறகு அழிக்க வேண்டும்.

சரி, என்னதான் செய்வது? வெறுமனே கத்திவிட்டுப் போக எனக்கும் விருப்பமில்லை.

1. துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை உரிமம் பெற்ற வியாபாரி பார்த்து உறுதி செய்யட்டும். கழற்றும் வேலையும் அவரிடமே, உங்கள் கண் முன்னால்.

2. கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம். கழற்றிய பின் உட்புறமும் படம். எண், முத்திரை, கீறல் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தப் படங்கள் வாட்ஸாப் குழுவுக்கு வேண்டாம்.

3. திருகாணியின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் முனை வேண்டும். “ஆணியைப் பார்த்து ஸ்க்ரூடிரைவரை எடு, கையில கிடைச்சதை எடுக்காதே” என்பார் என் அப்பா. ஒட்டிக்கொண்ட பிடியை விளிம்பில் கத்தி விட்டு நெம்பினால் சில்லு பெயரும்.

4. வல்கனைட்டுக்கு மென்மையான பிரஷ், நன்றாகப் பிழிந்த துணி. வெந்நீர் கூடாது, வெயில் கூடாது. பழுப்பைக் கறுப்பாக்க ஷூ பாலிஷ் போடும் வேலையும் வேண்டாம்.

5. வால்நட் மரம் வறண்டிருந்தால் ஆளிவிதை எண்ணெயை ஒரு சொட்டு, துணியில் தொட்டு மெல்லிசாக. வார்னிஷ் வேண்டாம்.

6. மரத்தில் விரிசலா? நம் தச்சர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய வஜ்ஜிரம் இருக்கிறது. நாளைக்கு யாராவது சரியாகச் செய்ய நினைத்தால் வெதுவெதுப்பான ஈரத்தில் விட்டுக்கொடுக்கும். இன்றைய உடனடிப் பசைகள் எளிதில் விடாது.

7. உடைந்து போன துண்டுக்குப் பதில் வைத்தே ஆக வேண்டுமா? வையுங்கள். ஆனால் புதிது எது என்று உற்றுப் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். 1964 வெனிஸ் சாசனம் கட்டடங்களுக்குச் சொன்ன விதி இது. புதுப் பிடியின் உட்புறத்தில் “மாற்றியது” என்று ஆண்டு போட்டு எழுதுங்கள். பழையதைத் துணியில் சுற்றி, துப்பாக்கி எண் எழுதிய சீட்டோடு வையுங்கள்.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகள் காவல் நிலையத்துக்கு வருகின்றன. நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் சாக்குப் பையில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தால் பிடி என்ன ஆகும்? வாங்கும்போது ரசீதில் எண்ணோடு “பிடி: கறுப்பு, இடப்பக்கம் கீழே விரிசல்” என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம்? அழிக்க முடிவான பறிமுதல் ஆயுதங்களை உலைக்கு அனுப்புமுன் அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் வந்து ஒரு நாள் பார்த்துப் பட்டியல் எடுத்தால் அரசுக்கு என்ன நட்டம்? தஞ்சாவூரில் அன்று சிலவற்றையாவது தேர்ந்தெடுத்து வைத்தார்களே, அந்த அளவுக்காவது நாம் செய்ய வேண்டாமா?

பெருங்களத்தூர், முடிச்சூர், வண்டலூர், சேலையூர் பக்கம் ராணுவம், விமானப்படை, ரயில்வே, வனத்துறை, எஸ்டேட் என்று ஓய்வு பெற்று வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. துப்பாக்கி இல்லாவிட்டாலும் தாத்தாவின் பெல்ட், தொப்பி முத்திரை, திசைகாட்டி, வாளுறை, மை பேனா, ஏதாவது ஒன்று பீரோவில் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். துடைக்கலாம். படம் எடுக்கலாம். பிள்ளைகளிடம் காட்டி அது யாருடையது, எப்படி வந்தது என்று சொல்லலாம். உப்புத்தாளை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.

உடன்பாடு இல்லாதவர்கள் கருத்துப் பகுதிக்கு வாருங்கள். நாகரிகமாகப் பேசினால் பதில் உண்டு. “சூப்பர் சார்” மட்டும் வேண்டாம். அதற்குப் பதில், உங்கள் வீட்டுப் பீரோவில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.